திறக்காத பக்கங்களின் வரலாறு

இணையத்தில் நாம் அதிகம் பார்த்து, மிகக் குறைவாகப் படித்த எழுத்து எது என்று கேட்டால் பிழைச்செய்தியைத்தான் சொல்வேன். ‘இந்தத் தளத்தை அணுக முடியவில்லை’, ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று திரையில் வந்ததுமே கை தானாக ரீலோட் பொத்தானுக்குப் போய்விடுகிறது. அதுக்கும் மசியலன்னா வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறோம். அடுத்து ரூட்டர். கடைசியில் ‘நெட் போச்சு’ என்று வீட்டுக்கே அறிவிப்பு. இத்தனைக்கும் நடுவே அந்தப் பக்கத்தில் என்னதான் எழுதியிருந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

அந்த வரிகளை ஏதோ ஒரு இயந்திரத்தின் முனகல் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்ட மனிதர்கள் எழுதி வைத்தது. ஒரு பக்கத்தைத் திறக்க உலாவி முதலில் முகவரியைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அந்தக் கதவைத் தட்டுகிறது. திறந்தவர் உண்மையிலேயே நாம் தேடி வந்தவர்தானா என்று சரிபார்க்கிறது. மூன்றில் எது தவறினாலும் நமக்கு ‘நெட் போச்சு’தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவரால், 2011-ல் ஒரு நாட்டு மக்களின் கடிதங்கள் திருட்டுத்தனமாகப் படிக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே போவதற்கு முன் வரிசைப்படியே பார்த்துவிடலாம்.

பெயரும் எண்ணும்

கணினிகளுக்கு எண்தான் தெரியும்; நாம் தட்டுவது பெயர். நடுவில் பெயரை எண்ணாக மாற்றித் தர யாராவது வேண்டும். 1970-களில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், இந்த வேலையை ஒரே ஒரு கோப்பு செய்தது. அதன் பெயர் ஹோஸ்ட்ஸ். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபீன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி வலையில் சேர வேண்டுமென்றால் அவர்களுக்கு ஃபோன் போட்டோ, மின்னஞ்சல் அனுப்பியோ சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் ஏற்றுவார்கள். மற்ற கணினிகள் அவ்வப்போது அந்தப் பட்டியலை நகலெடுத்துக்கொள்ளும். நகலெடுக்க மறந்த கணினிக்குப் புதிதாக வந்தவரைத் தெரியாது.

ஊர் சின்னதாக இருக்கும்வரை ஒரே தபால்காரர் போதும். ஊர் பெருத்தபோது பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் ஒரு மாற்றை வடிவமைத்தார். ஒரே பட்டியலை ஓரிடத்தில் வைக்காமல், ஒவ்வொரு பகுதியின் பெயர்களுக்கும் அந்தந்தப் பகுதியே பொறுப்பு. அதுதான் இன்றைய டிஎன்எஸ். ‘இந்தத் தளத்தின் ஐபி முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று உலாவி சொன்னால், கதவைத் தட்டும் கட்டத்துக்கே அது போகவில்லை என்று அர்த்தம். தெருப் பெயரே கிடைக்கவில்லை.

பழைய பட்டியல் செத்துப்போகவில்லை என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எதுவானாலும் உள்ளே எங்கோ ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இன்றும் இருக்கிறது. டிஎன்எஸ்ஸிடம் கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் பார்க்கும். அதனால்தான் சில வைரஸ்கள் அந்தக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து, வங்கித் தளத்தின் பெயரைத் தன் எண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. ஒரு தளம் உங்கள் கணினியில் மட்டும் திறக்காமல், பக்கத்து மேசையில் திறந்தால், ஐம்பது வயதான அந்தக் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெயர் தொலைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2021 அக்டோபர் 4 இரவு உலகமே பார்த்தது. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு தவறான கட்டளை ஃபேஸ்புக்கின் உள் வலையமைப்பைத் துண்டித்தது. அதைக் கண்ட அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியை இணையத்தின் வரைபடத்திலிருந்தே விலக்கிக்கொண்டன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. பழுதுபார்க்க வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே பெயர்களை நம்பித்தான் இருந்தன. கடைசியில் ஆட்கள் நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அன்று நம்மூரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் எத்தனை ரூட்டர்கள் பாவம் அணைத்து அணைத்துப் போடப்பட்டனவோ. வேறொரு தளத்தைத் திறந்து பார்த்திருந்தால், கோளாறு நம் வீட்டில் இல்லை என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பிங், பிங், பிங்

முகவரி கிடைத்துவிட்டது. அடுத்தது கதவைத் தட்டுவது.

1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர், ஒழுங்காக வேலை செய்யாத ஒரு வலையமைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரே இரவில் அதற்கொரு சிறு நிரலை எழுதினார். எதிரிலுள்ள கணினிக்கு ஒரு சின்ன செய்தி போகும். அது எதிரொலியாகத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலியின் பெயரையே அதற்கு வைத்தார்: பிங்.

மூஸ் பின்னாளில் பதிவு செய்துவைத்த ஒரு கதை உண்டு. ஒரு வலையமைப்பு நிர்வாகி. அவர் கட்டடத்தில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. அவர் பிங் நிரலைப் பேசும் மென்பொருளோடு இணைத்து, அதை ஸ்டீரியோவில் கொடுத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டார். கணினி நொடிக்கு ஒருமுறை ‘பிங், பிங்’ என்று கத்த, மனிதர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கேபிள் முனையாக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அதுதான் குற்றவாளி.

பிழை தேடும் கலை மொத்தமும் இந்தக் கதையில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. என்ன மாறுகிறது என்று கவனி. நாம் செய்வது இதற்கு நேர் எதிர். ரூட்டரை அணைத்து, குக்கீயை அழித்து, போனை ரீஸ்டார்ட் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்போம். சரியாகிவிடும். எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த வாட்டி மறுபடி முதலிலிருந்து.

கதவைத் தட்டும்போது வரும் செய்திகளிலும் மூன்று சாதிகள் உண்டு. ‘பதிலளிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டது’ என்றால், தட்டினோம், உள்ளிருந்து சத்தமே இல்லை. வழியில் பாதை அறுந்திருக்கலாம், இல்லை ஃபயர்வால் நம் தட்டலை விழுங்கியிருக்கலாம். ‘இணைக்க மறுத்துவிட்டது’ என்றால், வீட்டில் ஆள் இருக்கிறார். ‘இங்க அப்படி யாரும் இல்லீங்க’ என்று பதிலும் சொல்லிவிட்டார். கணினி உயிரோடு இருக்கிறது, கேட்ட சேவை ஓடவில்லை. ‘இணைப்பு மீட்டமைக்கப்பட்டது’ என்பது கொஞ்சம் விசித்திரமானது. பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியது. சாத்தியவர் வீட்டுக்காரர்தானா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பச்சை மைக் கையெழுத்து

கதவு திறந்துவிட்டது. நிற்பவர் யார்?

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் இணையத்தில் வணிகம் நடக்க வேண்டுமென்று எஸ்எஸ்எல் என்ற முறையைக் கொண்டுவந்தது. பேச்சை ரகசிய மொழியில் மாற்றுவது அதன் பாதி வேலை. மீதிப் பாதி அடையாளம். தவறான ஆளிடம் ரகசியமாகப் பேசி என்ன பயன்? இதற்கு நம்மூர் வழிதான். மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவதுபோல, ‘இந்தத் தளம் இவருடையதுதான்’ என்று சான்றளிக்கும் நிறுவனங்கள் உருவாயின. யார் யாருடைய கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல் உங்கள் கணினியிலும் போனிலும் இருக்கிறது. பட்டியலில் உள்ள யார் வேண்டுமானாலும் எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் சான்றளிக்கலாம். ஏற்பாட்டின் ஓட்டை அதுதான். நூறு ஆபீசர்களில் ஒருவருடைய பேனா திருடுபோனாலும் எல்லாருக்கும் ஆபத்து.

2011 கோடையில் பேனா திருடுபோனது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் யாரோ நுழைந்து 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ஜூலை 10-ல் உருவான ஒன்று கூகுளின் பெயரில் இருந்தது. நிறுவனத்துக்கு ஜூலை நடுவிலேயே விஷயம் தெரியும். சில போலிகளை ரத்து செய்தார்கள். கூகுள் போலி அவர்கள் கண்ணில் படவில்லை. வெளியே யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆகஸ்டில் ஈரானில் ஜிமெயில் திறந்தவர்களுக்கு எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. பூட்டுச் சின்னம் இருந்தது, கடிதங்கள் வந்தன. நடுவில் ஒருவர் உட்கார்ந்து போலிச் சான்றிதழைக் காட்டி எல்லாவற்றையும் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். உலாவிகள் ஏமாந்தன, ஒன்றைத் தவிர. கூகுள் தளங்களுக்கு யார் கையெழுத்திட்டால் ஏற்கலாம் என்ற குறிப்பைக் குரோமில் அந்த ஆண்டுதான் சேர்த்திருந்தார்கள். அதில் டிஜிநோட்டார் கிடையாது. குரோம் எச்சரித்தது.

ஆகஸ்ட் 28 அன்று ஈரானிலிருந்து ஒருவர் கூகுளிடம் பகிரங்கமாக ஒரு கேள்வி கேட்டார். ஜிமெயிலில் நுழையப் போனால் குரோம் சான்றிதழ் எச்சரிக்கை காட்டுகிறது. விபிஎன் வழியாகப் போனால் காட்டவில்லை. இது என் இணைய நிறுவனத்தின் வேலையா, அரசாங்கத்தின் வேலையா? சான்றிதழையும் கூடவே இணைத்திருந்தார். கவனியுங்கள். அவரும் கேபிளை ஆட்டித்தான் பார்த்திருக்கிறார். கணினி அதே, உலாவி அதே, தளம் அதே. பாதையை மட்டும் மாற்றினார், எச்சரிக்கை மறைந்தது. அப்படியென்றால் கோளாறு பாதையில்.

மறுநாளே பெரிய உலாவி நிறுவனங்கள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்க ஆரம்பித்தன. பிறகு நடந்த விசாரணையில், அந்தப் போலிச் சான்றிதழைச் சந்தித்த சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள் தெரியவந்தன. 99 சதவீதத்துக்கும் மேல் ஈரானைச் சேர்ந்தவை. நெதர்லாந்து அரசின் சொந்தத் தளங்களே டிஜிநோட்டாரை நம்பியிருந்ததால் அங்கே பெரும் குழப்பம். செப்டம்பர் 20-ல் நிறுவனம் திவாலானது. இப்படிப்பட்ட திருட்டு மறுபடி ஒளிந்திருக்கக் கூடாது என்று, வழங்கப்படும் சான்றிதழ்களை யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற்றும் முறை வந்தது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழ் அந்தப் பதிவேட்டில் இல்லையென்றால் குரோம் ஏற்பதில்லை.

புலி வருது

ஈரானில் மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? பலருடைய உலாவி எச்சரிக்கவே இல்லை. எச்சரித்திருந்தாலும் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் தோன்றிய இரண்டரைக் கோடி எச்சரிக்கைகளை ஆராய்ந்தது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தபோது ஃபயர்ஃபாக்ஸில் 33 சதவீதம் தடவைதான் மக்கள் அதைத் தாண்டிப் போனார்கள். குரோமிலோ 70 சதவீதம்.

மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான எச்சரிக்கைகள் பொய் அலாரம். 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் 30 கோடிக்கும் மேற்பட்ட குரோம் பிழைகளை அலசியபோது, பாதிக்கு மேல் தளத்தின் தவறே அல்ல, பயனரின் கருவியிலோ வலையமைப்பிலோதான் கோளாறு என்று தெரிந்தது. முக்கியமான காரணங்களில் ஒன்று கடிகாரம். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால், இன்றைய சான்றிதழ் எல்லாம் அதற்கு ‘இன்னும் பிறக்காதது’. தேதியைச் சரிசெய்தால் முடிந்தது கதை. இன்னொன்று ரயில் நிலையம், ஹோட்டல் மாதிரி இடங்களின் இலவச வைஃபை. உங்களிடம் எண் கேட்கும் பக்கத்தைக் காட்டுவதற்காக அது நீங்கள் கேட்ட தளத்தின் குறுக்கே புகுந்து பேசுகிறது. உலாவியின் கண்ணுக்கு அதுவும் ஆள்மாறாட்டம்தான்.

கூகுள் எச்சரிக்கையைத் திருத்தி எழுதியது. மேலே செல்லும் இணைப்பை ‘மேம்பட்டவை’ என்பதற்குள் ஒளித்து வைத்தது. 2015-ல் அதைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு நேர்மையான ஒப்புதல் இருக்கிறது. மக்கள் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும்படி செய்யும் முயற்சியில் தோற்றுவிட்டோம். ஆனால் முன்பைவிடக் கூடுதலானவர்கள் திரும்பிப் போனார்கள். அதாவது, புரியவைக்க முடியவில்லை, கதவைக் கனமாக்கிவிட்டோம்.

பழைய போன்களின் செப்டம்பர்

கனமான கதவு யாரைத் தடுக்கும்? திருடனை மட்டுமல்ல.

2013-ல் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு இணையம் முழுவதையும் ரகசிய மொழிக்கு மாற்றும் வேகம் கூடியது. 2015 இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு சான்றிதழ்களை எல்லாருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. காசில்லாத சின்னத் தளங்களுக்கும் பூட்டு கிடைத்தது. 2018 ஜூலை முதல், பூட்டில்லாத தளம் எதுவானாலும் குரோம் ‘பாதுகாப்பானதல்ல’ என்று எழுதியது.

ஆனால் புதிய ஆபீசரின் பெயர் பழைய போன்களின் பட்டியலில் இல்லை. அதனால் லெட்ஸ் என்க்ரிப்ட், ஏற்கெனவே எல்லாரும் அறிந்த இன்னொரு நிறுவனத்தின் சிபாரிசோடு நடமாடியது. அந்தச் சிபாரிசுக்குக் காலாவதி நாள் 2021 செப்டம்பர் 30. 2020 நவம்பரில் அவர்கள் கணக்குப் பார்த்தபோது, ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8 சதவீதம் 7.1-க்கு முந்தைய பதிப்பில் இருந்தன. அப்டேட் வராத மலிவு போன்கள். காலாவதியானால் அவற்றில் கோடிக்கணக்கான தளங்கள் திறக்காது. கடைசியில் ஒரு விநோதம் காப்பாற்றியது. பட்டியலில் உள்ள மூலச் சான்றிதழின் முடிவு தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதே இல்லை! அதைப் பயன்படுத்தி மூன்று வருடம் தள்ளிப்போட்டார்கள். பழைய ஐபோன்களுக்கும் மேக்குகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அன்றைக்கு அவற்றில் நேற்றுவரை திறந்த தளங்கள் ‘நம்பத்தகாதவை’ ஆயின. பழைய ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் சொன்ன ஆலோசனை எளிமையானது: ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அது போனின் பட்டியலை நம்பாமல் சொந்தப் பட்டியலோடு வருகிறது.

2018-ல் எரிக் மெயர் என்ற வலை வல்லுநர் உகாண்டாவின் ஒரு கிராமப்புறப் பள்ளியில் கண்டதை எழுதினார். செயற்கைக்கோள் வழி இணையம். மெதுவானது, அளவு குறைவு. முன்பெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில், ஒருமுறை இறக்கிய பக்கத்தைப் பள்ளியிலேயே சேமித்து எல்லாருக்கும் பரிமாறும் சர்வர் கைகொடுக்கும். ரகசிய மொழி வந்தபின் நடுவிலுள்ள யாரும் படிக்க முடியாது. நல்ல எண்ணத்தோடு நடுவில் நின்றவரும் சேர்த்துத் தடுக்கப்பட்டார். ஈரானியரைக் காத்த சுவர் உகாண்டா மாணவரின் வகுப்பறையை மூடியது. சுவரை இடி என்று நான் சொல்லவில்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன்.

சொல்லாமல் சாத்தப்படும் கதவு

மேலே தொங்கலில் விட்ட கேள்விக்கு வருவோம். பேச்சின் நடுவே கதவைச் சாத்துவது யார்?

டிம் ப்ரே என்ற பொறியாளர், சட்டத்தின் பெயரால் ஒரு பக்கம் தடுக்கப்பட்டால் அதை வெளிப்படையாகச் சொல்ல ஒரு பிழை எண் வேண்டுமென்று 2012-ல் முன்மொழிந்தார். புத்தகங்கள் எரிக்கப்படும் ரே ப்ராட்பரியின் நாவலிலிருந்து எண்ணை எடுத்தார்: 451. 2016-ல் அது முறைப்படி தரமாக வெளியானது. தடுத்தவர் யார் என்பதையும் அதில் குறிப்பிடலாம். நேர்மையான தணிக்கைக்கு ஒரு படிவம் தயார். நிரப்பத்தான் ஆள் குறைவு. 2020-ல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் ஒரு பெரிய இணைய நிறுவனம் நாம் போகும் தளத்தின் பெயரைப் பார்த்து, தளத்திடமிருந்து வந்ததுபோல் ‘ரீசெட்’ செய்தியை நுழைத்து இணைப்பை முறிப்பதைக் காட்டியது. உலாவி அதை அப்பாவியாக நம்பி, ‘உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள்’ என்கிறது.

2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. அந்த மாதிரி நேரத்தில் குரோம் காட்டுவது, 2014-ல் வரையப்பட்ட அதே குட்டி டைனோசரைத்தான். இணையம் இல்லாத ஆதிகாலம் என்ற நகைச்சுவை அது. கூடவே கேபிளையும் ரூட்டரையும் சரிபார்க்கச் சொல்லும் ஆலோசனை. யாரோ ஆணை போட்டு அணைத்த இணையத்துக்கும், எலி கடித்த கேபிளுக்கும் உலாவியிடம் ஒரே படம்தான்.

அதனால் பிழைச்செய்தியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது, கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. அது ஒரு சாட்சி. பார்த்தவரையில் சொல்கிறது. குறுக்கு விசாரணை நம் வேலை. பெயர் கிடைக்கவில்லையா, பதில் வரவில்லையா, ஆள் மேல் சந்தேகமா என்று முதலில் படிக்க வேண்டும். பிறகு வேறு தளம், வேறு உலாவி, வைஃபைக்குப் பதில் மொபைல் டேட்டா, கணினியின் தேதி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயும் இடிக்கவில்லை, ஆனாலும் வங்கித் தளமோ மெயிலோ சான்றிதழ் எச்சரிக்கை காட்டுகிறது என்றால், ‘மேம்பட்டவை’யை அழுத்தாமல் யாரிடமாவது உரக்கக் கேட்க வேண்டும். 2011-ல் அந்த ஈரானியரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. எச்சரிக்கையைப் படித்தார், பாதையை மாற்றிப் பார்த்தார், கேட்டார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.